மூக்கக்கா பரப்பிய எரு

பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் ஓர் உணவுக்காடு இருக்கிறது. முப்பத்தைந்து குடும்பங்கள் சேர்ந்து வளர்ப்பது. உயரத்தில் பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் கொய்யாவும் எலுமிச்சையும், அதற்கும் கீழே தக்காளி, கத்திரி, மிளகாய், வேலியெல்லாம் பீன்ஸ் கொடி, தரை தெரியாமல் சர்க்கரைவள்ளி என்று அடுக்கடுக்காய் வைத்திருப்பார்கள். அங்கே யாரும் உழுவதில்லை. ரசாயன உர மூட்டை அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. காட்டுக்குச் சாப்பாடு என்றால் இலைச்சருகு, காய்கறிக் கழிவு, சாணம், சாம்பல் இவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டைப் பதினோரு வருடமாகச் சமைத்துப் போட்டவள் மூக்கக்கா.

எருக்குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுவாள். ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். "இன்னும் ஒரு வாரம்" என்பாள், அல்லது "தண்ணி கூடிப்போச்சு, சருகு போடு" என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியைக் கேட்பாள். கேட்டால் எரு தயார் என்று அர்த்தம். அந்த மூக்கு ஒரு தடவைகூடத் தப்புச் சொன்னதில்லை என்று காட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவர்களைவிட அவள்தான் அதிகம் சொல்வாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மூக்கு சும்மா வந்ததல்ல. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திநான்கு வருடம் நின்றவள் அவள். வண்டி வண்டியாக வந்து விழும் படுக்கை விரிப்புகளில் எது சாதாரண அழுக்கு, எதில் எண்ணெய், எதில் மருந்து என்று மோந்து பார்த்துப் பிரிக்கிற வேலை. இடுப்பு போனபின் வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று காட்டுக்கு வந்தாள். புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். வீட்டு முன் அறையில் ஒரு மேஜை, ஒரு அரம், சாவிக்கொத்துகள், அவ்வளவுதான் அவர் உலகம். "ஊர்ல இருக்கிற சாணியெல்லாம் உனக்குச் சொந்தபந்தம்" என்று கிண்டலடிப்பார். அவளும் விடமாட்டாள். "பின்ன என்ன, உங்களை மாதிரி துருப்பிடிச்ச பூட்டா எனக்குச் சொந்தம்?" என்பாள்.

காட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து எந்தச் சாணம் வந்தாலும் முதலில் பீன்ஸ் சோதனை. ஒரு தொட்டியில் பழைய மண், இன்னொன்றில் புதுச் சாணம் கலந்த மண். இரண்டிலும் மூன்று மூன்று பீன்ஸ் விதை. இரண்டு வாரம் பார்க்க வேண்டும். புதுத் தொட்டியில் இலை சுருண்டால் அந்த லோடு வேண்டாம். ஏன் இந்தக் கூத்து என்றால், சில களைக்கொல்லி மருந்துகள் புல்லை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும். அந்த மருந்து அடித்த புல்லை மாடோ குதிரையோ தின்றால், வயிற்றுக்குள் போய் அப்படியே சாணத்தில் வெளியே வரும். மக்க வைத்தாலும் சாகாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் காட்டின் தலைவி டீச்சரம்மா, ரிட்டயர் ஆன அறிவியல் டீச்சர். சோதனை செய்து, கருவிக் கொட்டகைப் பலகையில் லோடுக்கு லோடு 'சரி' என்று எழுதுகிற பொறுப்பு மூக்கக்காவுக்கு.

அவள் அதைச் செய்தாள்தான். ஆனால் உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. என் மூக்கு இருக்கும்போது மூணு விதை எனக்குத் தீர்ப்புச் சொல்லுமா என்பது அவள் எண்ணம். அந்த மருந்துக்கு வாசனையே கிடையாது என்று டீச்சரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டாள். காதில் போட்டுக்கொண்டாளா என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அறுபது கன்றுகள் புதிதாக வைத்திருந்தார்கள். எரு போதவில்லை. குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளியிலிருந்து இரண்டு லாரி சாணம் வந்தது. கொண்டுவந்த குதிரைக்காரர் ஒரு பிடி எடுத்துப் பெருமையாகக் காட்டினார்.

"பாருங்கக்கா, எவ்வளவு சுத்தமா இருக்கு. இப்ப புது ஆள்கிட்ட புல் வாங்கறோம். ஒரு கட்டுலகூடக் களை இருக்காது."

களையே இல்லாத புல் எங்கே விளையும் என்று ஒரு கேள்வி அவள் மனசில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மோந்து பார்த்தாள், நல்ல சாணம். தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கே தொட்டியில் விதை போட்டிருக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டாள். நாளைக்கு என்பது பதினாறு நாளானது. அதற்குள் குவியலை இரண்டு நாளைக்கு ஒரு தடவை புரட்டிப் புரட்டி, ஆவி பறக்க வைத்து, பதினெட்டு நாளில் எருவாக்கிக் காட்டினாள். வேறு எவரும் மூன்று மாதத்துக்குக் குறைந்து செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை எருப் பரப்பும் நாள் என்று எல்லோருக்கும் தகவல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதான் தொட்டி ஞாபகம் வந்தது. அவசரமாக விதையை ஊன்றினாள். ஞாயிறு காலை டீச்சரம்மா கேட்டார்.

"பீன்ஸ் பார்த்தாச்சா?"

"ஆச்சு டீச்சர்" என்றாள். பலகையில் 'சரி' என்று சாக்பீஸால் எழுதவும் செய்தாள். விதை அப்போது தோலைக்கூட விடவில்லை.

அந்த ஞாயிறு திருவிழா மாதிரிதான் இருந்தது. எழுபது பேர், கூடை கூடையாகச் சுமந்து, மரத்துக்கு மரம், செடிக்குச் செடி பரப்பினார்கள். அவர்கள் பின்னாலேயே பூவாளியோடு வந்தார் மீன்காரண்ணன்.

மீன்காரண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் பதினாலாம் நம்பர் கல் அவருடையது. முப்பத்தொரு வருடமாக அந்தக் கல்லில் மீன் வெட்டுகிறார். கடை முடிந்ததும் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு காட்டுக்கு வருவார். வெல்லத்தைச் சேர்த்து நீல ட்ரம்மில் ஊறப்போடுவார். அந்தப் பக்கம் போனால் குடலைப் பிடுங்கும். ஆனால் ஊறித் தெளிந்த அந்தத் தண்ணியில் ஒரு சின்னக் குவளை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றினால் செடி துள்ளிக்கொண்டு எழும்பும். குவளையில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார். கோட்டுக்கு மேல் போனால் வேர் வெந்துவிடும், அதனால் அளவில் அவர் பிசகவே மாட்டார். "உன் எரு சாப்பாடு தங்கச்சி, என் தண்ணி டானிக்கு" என்பார். அவளும் "டானிக் குடிச்சு யாரும் பசியாறினதில்லண்ணே" என்பாள். எரு மேட்டுக்கும் நீல ட்ரம்முக்கும் பதினோரு வருடப் பழக்கம் அப்படி. இரண்டு வருடமாக அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. கடையை விடுங்கப்பா என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "கண்ணு மங்கினா என்ன, கைக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு தினமும் போனார்.

விதை ஊன்றிய பன்னிரண்டாம் நாள் மூக்கக்கா கொட்டகைக்குப் பின்னால் போய்த் தொட்டிகளைப் பார்த்தாள். பழைய மண்ணில் மூன்று பீன்ஸும் இலையை விரித்துக்கொண்டு நின்றன. புது எருத் தொட்டியில் மூன்றும் முறுக்கிக்கொண்டிருந்தன. தண்டு வளைந்து, இலை விரியாமல் குழந்தையின் மூடிய கைபோல உள்பக்கம் சுருண்டு.

குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலியால் அல்ல. காடு முழுக்க அந்த எருதானே கிடக்கிறது என்பது ஒரு பக்கம். பலகையில் 'சரி' என்று தன் கையெழுத்து நிற்கிறதே என்பது இன்னொரு பக்கம். எது முதலில் தோன்றியது என்று பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டாள். கையெழுத்துதான் முதலில் தோன்றியது. அது அவளுக்குத் தெரியும், அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் கூசுகிறது.

மழை இன்னும் இறங்கவில்லை. அன்றைக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுபது பேரும் ஓடிவந்து ஒரே நாளில் எருவைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். பாதிக்காடாவது தப்பியிருக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தொட்டி மண்ணைச் செடியோடு சாக்கடையில் கொட்டினாள். தொட்டியைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். விதை சொத்தையாக இருக்கும், தண்ணீர் கூடியிருக்கும் என்று வீடு போகும்வரை தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டு போனாள். மறுநாளைக்கு மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. மருந்து வேருக்கு இறங்கிவிட்டது.

அடுத்த வாரம் தக்காளி நுனி சுருண்டது. பிறகு பீன்ஸ் வேலி. பிறகு கத்திரி, மிளகாய், புதிதாக வைத்த கன்றுகளில் பாதி. சோளம் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் நெட்டையாக நின்றது. சோளம் புல் ஜாதி அல்லவா, அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சோளத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். டீச்சரம்மாவே எருவைச் சந்தேகப்பட்டுக் கொட்டகைக்குப் போனார். பலகையில் 'சரி' என்று இருந்தது. திரும்பி வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு நம்பினார் அந்த அம்மா.

எரு இல்லையென்றால் வேறென்ன? அதே ஞாயிற்றுக்கிழமை காட்டில் ஊற்றியது இன்னொன்று உண்டே.

எருப் பரப்பியதிலிருந்து நாலாவது ஞாயிறு கூட்டம் போட்டார்கள். கவிழ்த்த பெட்டிகளில் ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தார்கள். தையல்கடைக்காரி வாடிய தக்காளிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து நடுவில் போட்டாள்.

"மீன் தண்ணி கூடிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல. கண்ணு தெரியாதவர் கையில அளக்கிற வேலையை விட்டா இப்படித்தான் ஆகும். நாங்க நாலு மாசம் முதுகு ஒடிஞ்சது யாருக்காக?"

எல்லோரும் மீன்காரண்ணனைப் பார்த்தார்கள். சண்டைக்கு நிற்பார் என்று மூக்கக்கா எதிர்பார்த்தாள். நின்றிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"இருக்கலாம்மா. அன்னைக்கு வெயில் கண்ணைக் கூசிச்சு. குவளையில கோடு சரியா தெரியல. கைக்குத் தெரியும்னு நினைச்சு ஊத்தினேன். தப்பு என்னோடதாத்தான் இருக்கும்."

மூக்கக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அந்த வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "சரி விடுங்க, ஆளாளுக்கு அவரைப் பேசாதீங்க. ஆனது ஆச்சு" என்று வந்தது. பெரிய மனசுக்காரி என்று நாலு பேர் தலையாட்டினார்கள். அவளுக்கு நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

ட்ரம்மை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. மீன்காரண்ணன் எழுந்து இன்னொன்றும் சொன்னார்.

"வர்ற புதனுக்கு அடுத்த புதன் மார்க்கெட் ஆபீஸ் போய்க் கல்லை எழுதிக் கொடுத்துடறேன். மக ரெண்டு வருசமா சொல்றா. நான்தான் கேக்கல. கோடு தெரியாதவனுக்குக் கத்தி எதுக்கு?"

மார்க்கெட்டில் ஒரு கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. எழுதிக் கொடுத்தால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. இது காட்டில் எல்லோருக்கும் தெரியும், மூக்கக்காவுக்கும் தெரியும். அவளுக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் அவள் செய்யாத நல்ல காரியம் இல்லை, சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர. ட்ரம்மை உருட்டிக் கழுவ அண்ணனோடு போய் நின்றாள். மூக்கைப் பிடிக்காமல் நின்றாள். வாடிய செடிகளைச் சுற்றி எருவைச் சுரண்டித் தள்ளுவண்டியில் அள்ளிக் காட்டுக்கு வெளியே கொட்டினாள். ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்க என்று கேட்டவர்களிடம் "மீன் வாடை எறும்பைக் கூட்டுது" என்றாள். பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கினாள், அதுவும் அவர் தலையிலேயே. குதிரைப் பள்ளிக்கும் நடந்து போனாள். மருந்தே அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கிடைத்துவிடாதா என்ற ஆசை.

"அடிக்கிறாங்கக்கா" என்றார் குதிரைக்காரர் சாவகாசமாக. "வருசத்துக்கு ஒரு தடவை. அகல இலைச்செடி ஒண்ணு முளைக்காதாம். அதனாலதான் புல்லு அவ்வளவு சுத்தம். ஏன், எரு நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இனி வாதாடவும் ஒன்றும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை அரத்தை நிறுத்தினார். கிண்டல் எதுவும் வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கூட்டத்துல எப்படிங்க சொல்றது? பதினோரு வருசப் பேருங்க. மூஞ்சில காறித் துப்புவாங்க."

"கூட்டத்தை விடு. அதை எப்ப வேணா சொல்லிக்கலாம். அவர்கிட்ட சொல்லு, புதன்கிழமைக்கு முன்னாடி. அவர் கல்லு போயிடும்."

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போனாள். பதினாலாம் கல்லில் அவர் ஒரு பெரிய மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். கத்தி போகிற இடத்தை அவர் பார்க்கக்கூட இல்லை, வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டே வெட்டினார். அவள் ஓரமாக நின்றாள். கூட்டம் குறையட்டும் என்று நின்றாள். குறைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வா தங்கச்சி. நாளைக்கு வந்திருந்தா கல்லு காலியா இருந்திருக்கும்." நல்ல துண்டாக நாலு எடுத்துப் பொட்டலம் கட்டினார். "இது என் பங்கு, வேண்டாம்னு சொல்லாதே. அன்னைக்கு அத்தனை பேர்ல நீ ஒருத்திதான் என்னை ஒரு வார்த்தை பேசல. வீட்டுல மககிட்ட சொல்லிட்டே இருக்கேன்."

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷன் முன்னால் மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் அரத்தை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன் காலை ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். எட்டரைக்கே கிளம்பினாள். காட்டு வழியாகத்தான் போக வேண்டும். கேட்டுக்குள் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. அதை நிறுத்தினாள். நிறுத்தியதோடு போயிருக்கலாம். துணி சுற்றினாள், கம்பி கட்டினாள், பிரித்து மறுபடியும் கட்டினாள், சுற்றியிருந்த சேற்றை வழித்தாள். குழாய் ஒரு சாக்குதான், வேறென்ன. மார்க்கெட் ஆபீஸ் வாசலுக்குப் போனபோது பதினொன்று பத்து. உள்ளே இருந்த எழுத்தர் பைலை மூடிக்கொண்டே சொன்னார்.

"பதினாலாம் கல்லா? பெரியவர் பத்து மணிக்கே வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரே. அடுத்த ஆளுக்குப் போன் பண்ணியாச்சு."

அங்கிருந்து அவர் வீட்டுக்கு எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாடியில் முதல் வீடு. மகள் கதவைத் திறந்தாள்.

"வாங்க அத்தை. நல்ல நேரத்துல வந்தீங்க. அப்பா காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கார்."

அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல இரண்டையும் முழங்கால்மேல் வைத்திருந்தார். மூக்கக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் வேறு ஏதாவது பேசிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, உங்க தண்ணியால இல்ல. என் எருவால. அந்தக் குதிரைச் சாணத்துல களைமருந்து இருந்திருக்கு. நான் சோதனை பண்ணாமலே சரின்னு எழுதிட்டேன்."

மகள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். அவர் தலையைத் திருப்பினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே. தொட்டியில பீன்ஸ் சுருண்டிருந்துச்சு. சாக்கடையில கொட்டிட்டேன்."

"கூட்டத்தப்ப?"

"தெரியும்."

"நேத்து கடைக்கு வந்தியே?"

"தெரியும்ணே. சொல்லத்தான் வந்தேன்."

அவர் கோபப்படவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். மருந்து குடிக்கிற சின்ன அளவுக்கோப்பை ஒன்றை எடுத்தார், ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சொம்பைச் சாய்த்தார். நிறுத்தினார்.

"பார்த்துச் சொல்லு" என்றார் மகளிடம். "பத்துல நிக்குதா?"

மகள் குனிந்து பார்த்தாள். "பத்துல நிக்குதுப்பா."

கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினார். பத்து. மறுபடியும். பத்து. நாலாவது தடவை ஊற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டே ஊற்றினார். மகள் பார்த்தாள், வாயால் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்டியதை அவர் பார்க்க முடியாதென்று அப்புறம்தான் உறைத்தது, "பத்துப்பா" என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது.

"அப்ப கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் அவர். "பத்து நாளா ஒவ்வொரு மீனையும் ரெண்டு தடவை தொட்டுப் பார்த்து வெட்டினேன் தங்கச்சி. விரல் போயிடுமோன்னு பயம். அதுக்கு முன்னாடி எனக்கு அந்தப் பயமே கிடையாது."

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் சொம்பை அதன் இடத்தில் வைத்தார். ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கே திரும்பிப் போனார். அவள் நின்றாள். மகள்தான் பேசினாள்.

"நீங்க கிளம்புங்க" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யாரும் கேட்காமல் மூக்கக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். லோடு வந்த நாள், விதை போடாத நாள், போட்ட நாள், பலகையில் எழுதியது, தொட்டியைக் கழுவியது, குதிரைக்காரர் சொன்னது, குழாய்க்குத் துணி சுற்றியதுவரை ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். காறித் துப்பட்டும் என்றுதான் நின்றாள்.

யாரும் துப்பவில்லை. டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டார்.

"சொல்லாம இருந்திருக்கக் கூடாது நீங்க. எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். சரி, இப்பவாவது சொன்னீங்களே. ரெண்டு வருசம் அந்த இடத்துல சோளம் போடுவோம், மருந்து மண்ணுல தானா கரைஞ்சிடும்."

"விடுங்கக்கா" என்றாள் தையல்கடைக்காரி. "பதினோரு வருசத்துல ஒரே ஒரு தப்பு. மனுசங்கதானே, யாருக்கும் வரும். இதுக்குப்போய் அழுதுகிட்டு. உட்காருங்க முதல்ல."

யாரோ ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டார்கள். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது, தோன்றிய வேகத்தில் வெட்கமாகப் போயிற்று. டீச்சரம்மா நோட்டில் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அப்ப ட்ரம்மை மறுபடியும் இங்கேயே வெச்சிடலாம். மீன்காரண்ணனை யாராவது போய்க் கூப்பிடுங்க. அவர் தண்ணி இல்லாம கொய்யா தேறாது."

"அவர்கிட்ட மீன் இல்ல டீச்சர்" என்றாள் மூக்கக்கா. "புதன்கிழமை கல்லை எழுதிக் கொடுத்துட்டார். வேற ஆள் வந்து வெட்ட ஆரம்பிச்சாச்சு."

தையல்கடைக்காரிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அடப்பாவமே. அவர் ஏங்க்கா இவ்வளவு அவசரப்பட்டார்?"

"அவர் அவசரப்படல. பத்து நாள் டைம் சொன்னார். நான்தான் பத்து நாளும் வாயை மூடிகிட்டிருந்தேன்." பாட்டிலைக் கீழே வைத்தாள். நகர்த்திப் போட்ட பெட்டியில் அவள் உட்காரவில்லை. "பொய் எழுதின என்னை ரெண்டு நிமிசத்துல விட்டுட்டீங்க. தப்பே பண்ணாத அவரை ஒருத்தர்கூட விடுங்கன்னு சொல்லல. நான் சொன்னேன், ஆனது ஆச்சுன்னு. அவர்தான் பண்ணினார்ங்கிற மாதிரி சொன்னேன்."

டீச்சரம்மா பேனாவை மூடினார். தையல்கடைக்காரி தரையைப் பார்த்தாள்.